பெயர் தெரியாத புத்தகம்

வெளியூர்ப் பயணம் போனால் நம் ஆட்களுக்கென்று ஒரு வரிசை இருக்கிறது. முதலில் கோயில். அடுத்தது துணிக்கடை. அதற்கடுத்து, யாரோ சொல்லி அனுப்பிய சாப்பாட்டுக் கடை. நேரம் மிஞ்சினால் கடற்கரை. நூலகம் இந்த வரிசையில் எங்கேயும் வராது. என் வரிசையில் மட்டும் அது கோயிலுக்கு அடுத்து நிற்கும். நாள் முழுக்கப் பேசிச் சம்பளம் வாங்குகிறவளுக்கு, ‘பேசாதீர்கள்’ என்று எழுதிப் போட்டிருக்கும் இடத்தைவிட நல்ல ஓய்வு எங்கே கிடைக்கும்?

இன்னொரு காரணமும் உண்டு. ஓர் ஊர் தன் பணத்தை எதில் போட்டது என்பதைக் கடைவீதி சொல்லும்; அறிவுக்கு என்ன மரியாதை கொடுத்தது என்பதை நூலகக் கட்டடம் சொல்லும். நம் கோலாலம்பூரையே பாருங்கள். ஜாலான் துன் ரசாக்கில் போகும்போது நீல நிறக் கூரையோடு ஒரு கட்டடம் தெரியும். 1994இல் கட்டி முடிக்கப்பட்ட தேசிய நூலகம் அது. அந்தக் கூரையின் வடிவம் தெங்கோலோக். மலாய் மன்னர்களும் மாப்பிள்ளைகளும் தலையில் கட்டுகிறார்களே, அந்தத் தலைப்பாகை. மரியாதைக்குரிய எதையும் தலையில் வைக்க வேண்டும் என்பது மலாய்க்காரர்களின் வழக்கம். அதே தலைப்பாகையைப் புத்தகங்களுக்கும் கட்டிவிட்டார்கள். சென்னையில் 1896இல் திறந்த கன்னிமாரா நூலகத்தின் பழைய மண்டபத்தில் நின்றால் வேறொரு நினைப்பு வரும். ஹென்றி இர்வின் என்ற கட்டடக் கலைஞர் வண்ணக் கண்ணாடியும் உயர்ந்த வளைவுக் கூரையுமாக எழுப்பியது. படிக்க வந்தவன் ஒரு நிமிடம் அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் புத்தகத்தைத் திறப்பான்.

அண்மையில் யாழ்ப்பாணம் போயிருந்தேன். கொழும்பிலிருந்து ரயிலில் ஏறி, பனைமரங்கள் தெரியத் தொடங்கும்போதே நான் பார்க்கப் போகும் முதல் இடம் எது என்று முடிவாகிவிட்டது. நல்லூர் முருகன் மன்னித்துக்கொள்வார். இந்த முறை அவர் இரண்டாவதுதான்.

யாழ்ப்பாணப் பொது நூலகம் ஊரின் நடுவில், ஒல்லாந்தர் கட்டிய கோட்டைக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. முன்னால் வெண்ணிறத்தில் வீணையோடு சரஸ்வதி. அவளுக்குப் பின்னால் அதைவிட வெள்ளையாக ஒரு கட்டடம். நடுவில் ஒரு கவிகை மாடம் எழும்பி நிற்க, இரண்டு பக்கமும் சரிசமமாக விரிகின்ற சிறகுகள். மாடத்தைப் பார்த்தால் முகலாயர் நினைவு வரும். கொஞ்சம் கீழே பார்வையை இறக்கினால், இது நம் பக்கத்துக் கோயில் மண்டபச் சாயல் அல்லவா என்று தோன்றும். திராவிடமும் முகலாயமும் ஐரோப்பியமும் கலந்த பாணி. கன்னிமாராவின் அக்காள் மகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். யாழ்ப்பாண வெயிலில் அந்த வெள்ளை கண்ணைக் கூசுகிறது. பத்து நிமிடம் வாசலிலேயே நின்றேன். அழகு என்பதைத் தவிர முதலில் வேறு எதுவும் தோன்றவில்லை.

இந்த அழகை அரசர் யாரும் கட்டவில்லை. 1933இல் செல்லப்பா என்பவர் தன் வீட்டிலேயே ஒரு சின்ன நூலகம் நடத்திக்கொண்டிருந்தார். ஊருக்கே இலவசமாக ஒரு தமிழ் நூலகம் வேண்டும் என்று வேண்டுகோள் விடுத்தவரும் அவர்தான். அடுத்த ஆண்டு, 1934 ஆகஸ்ட் முதல் தேதி, ஆஸ்பத்திரி வீதியில் வாடகைக்கு ஓர் அறை எடுத்து நூலகத்தைத் திறந்தார்கள். அன்று இருந்தவை 844 புத்தகங்கள், சுமார் முப்பது பத்திரிகைகள். படிக்க வந்த கூட்டத்துக்கு அந்த அறை போதவில்லை. அடுத்த ஆண்டே இடம் மாறினார்கள்.

1950களில்தான் பெரிய கனவு வந்தது. கட்டடம் எழுப்ப ஒரு குழு அமைந்தது. சம்பத்திரிசியார் கல்லூரியின் அதிபராக இருந்த லோங் அடிகளார் என்ற ஐரிஷ் பாதிரியார் அதற்காக ஓடியாடி உழைத்தார். ஆலோசனை சொல்ல எஸ்.ஆர். ரங்கநாதனை அழைத்தார்கள். சீர்காழியில் பிறந்து, உலகம் முழுவதும் நூலகத் துறைக்கு ஐந்து விதிகள் வகுத்துத் தந்த மனிதர் அவர். வரைபடம் போட்டவர் சென்னை அரசின் கட்டடக் கலைஞர் நரசிம்மன். சைவர்கள் கேட்டார்கள், கிறிஸ்துவப் பாதிரியார் நிதி திரட்டினார், தமிழ்நாட்டுக்காரர் வரைந்தார், யாழ்ப்பாணத்துக் கொத்தனார் கட்டினார். 1959 அக்டோபர் 11ஆம் தேதி மேயர் அல்பிரட் துரையப்பா திறந்து வைத்தார். 1967இல் சிறுவர் பகுதி வந்தது. 1971இல் கேட்போர் கூடம் சேர்ந்தது. நூலகம் என்பது வளரும் உயிர் என்று ரங்கநாதன் சொன்னதை இந்த ஊர் செய்து காட்டிக்கொண்டிருந்தது.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். ஆனால் தெரியாத இளையவர்கள் இந்தப் பக்கத்தைப் படிக்கலாம். அதனால் சொல்கிறேன்.

1981 மே 31ஆம் தேதி. மாவட்ட அபிவிருத்திச் சபைத் தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்த நேரம். ஒரு கூட்டத்தில் காவலர்கள் சுடப்பட்டார்கள். அன்றிரவு தொடங்கிக் காவலர்களும் அவர்களோடு சேர்ந்த கும்பலும் ஊருக்குள் புகுந்தனர். கடைகள் எரிந்தன. ‘ஈழநாடு’ நாளிதழின் அலுவலகம் எரிந்தது. பொது நூலகமும் எரிந்தது. உள்ளே இருந்தவை ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும். ஆனந்த குமாரசுவாமியின் பெயரிலும் ஐசக் தம்பையாவின் பெயரிலும் இருந்த தொகுப்புகள் அதில் அடக்கம். பனையோலைச் சுவடிகளும் இருந்தன. தீ தெரிந்த தூரத்தில் இருந்து அதைப் பார்த்த தாவீது அடிகள், பல மொழிகள் கற்ற முதிய அறிஞர், அந்த அதிர்ச்சியிலேயே உயிர்விட்டார்.

எரிந்த கட்டடத்தை என்ன செய்வது? இந்தக் கேள்விக்கு யாழ்ப்பாணத்தில் ஒரே பதில் இருக்கவில்லை. கரி பிடித்த சுவர்களை அப்படியே விட்டுவிட வேண்டும், வருகிறவன் பார்க்கட்டும் என்றார்கள் சிலர். வேண்டாம், பிள்ளைகள் படிக்க இடம் வேண்டும், முன்பு இருந்ததுபோலவே கட்டுங்கள் என்றார்கள் வேறு சிலர். ஒரு பகுதியைச் சீர்செய்து 1984இல் திறந்தார்கள்; அடுத்த ஆண்டு சண்டையில் அதுவும் சேதமானது. 1998க்குப் பிறகு, ஆளுக்கொரு செங்கல், ஆளுக்கொரு புத்தகம் என்று நாடு முழுக்கத் திரட்டிப் பழைய வடிவத்திலேயே மறுபடி எழுப்பினார்கள். 2003இல் நடக்கவிருந்த திறப்பு விழா எதிர்ப்பினால் நின்றுபோனது. பிறகு பெரிய ஆரவாரம் இல்லாமல் வாசகர்களுக்குக் கதவு திறந்தது.

இந்தக் கதையோடு திரும்பிப் பார்த்தால் அதே வெள்ளை வேறு மாதிரித் தெரிகிறது. வாசலில் நின்று புகைப்படம் எடுக்கும் சுற்றுலாப் பயணிக்குக் கட்டடத்தில் காயமே தெரியாது. நன்றாகத் தைத்த சட்டை தழும்பை மறைப்பதுபோல. கட்டியவர்களைக் குறை சொல்ல மாட்டேன். உள்ளே மேசை மேசையாகப் பள்ளிப் பிள்ளைகள் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். கரிச்சுவர் நினைவுச் சின்னமாக நின்றிருந்தால் அந்தப் பிள்ளைகள் எங்கே உட்கார்ந்து படிப்பார்கள்? நூலகத்தைத் திரும்பவும் நூலகமாகவே ஆக்கியதுதான் எரித்தவர்களுக்குக் கொடுத்த சரியான பதில் என்று எனக்குத் தோன்றியது.

அப்படி நினைத்துக்கொண்டே வெளியே வந்தவளை மர நிழலில் இருந்த பெரியவர் ஒருவர் பிடித்துக்கொண்டார். அறுபதைத் தாண்டியவர். மடியில் அன்றைய நாளிதழ்.

“எங்கயிருந்து வாறியள், பிள்ளை?”

“மலேசியாங்கய்யா.”

“மலேசியாவில எவ்விடம்?”

“கேமரன் மலை. கோலா தெர்லான்னு ஒரு ஊரு. தேயிலைத் தோட்டம், காய்கறித் தோட்டம் எல்லாம் இருக்கும்.”

முகம் மலர்ந்துவிட்டது அவருக்கு. “எங்கட அப்பப்பா கோலாலிப்பிஸில ரயில்வேயில வேலை செய்தவர். மலாயன் பென்சன் காசிலதான் எங்கட வீடே கட்டினது!”

இதில் வியப்படைய ஒன்றுமில்லை. ஆங்கிலேயர் காலத்தில் மலாயாவின் ரயில் நிலையங்களிலும் அரசாங்க அலுவலகங்களிலும் யாழ்ப்பாணத்துக்காரர்கள் நிறைந்திருந்தார்கள். ஓய்வு பெற்று ஊர் திரும்பியவர்களுக்கு இங்கே ‘மலாயன் பென்சனியர்’ என்றே பெயர். கோலாலம்பூரில் 1966இல் முதல் உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாட்டைக் கூட்டிய தனிநாயகம் அடிகளும் யாழ்ப்பாணத்து மண்தான். அப்போது அவர் மலாயாப் பல்கலைக்கழகத்தில் நம் பிள்ளைகளுக்கு ஆசிரியர். ஆக, நாங்கள் இருவரும் அரை உறவு. உரிமையோடு கேட்டேன். பழைய நூலகத்தில் நீங்கள் படித்ததுண்டா?

“படிச்சனான். எரிஞ்ச நேரம் எனக்குப் பத்தொன்பது வயசு. பரீட்சைக்குப் படிக்க ஒவ்வொரு நாளும் வாறது. ஒரு புத்தகம் இருந்தது, பிள்ளை. எங்கட ஊர்ப் பக்கத்துக் குளங்களைப் பற்றி. பழைய அச்சு, மட்டை கிழிஞ்சது. பாடத்துக்குத் தேவையில்லாத புத்தகம்தான். ஆனா அதைத்தான் விரும்பிப் படிச்சனான்.”

“இப்ப அது எங்கயாவது கிடைக்குதாங்கய்யா?”

“அதின்ர பேர் எனக்கு ஞாபகமில்லை. எழுதினவர் பேரும் இல்லை. இருவது வருசமாக் கண்ட இடமெல்லாம் கேட்டுட்டன். ஆரிட்டக் கேக்கிறது? பேரைப் பாக்கிற காட்டுகளும் அதுக்குள்ளதானே இருந்தது.” கட்டடத்தை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். “இது அச்சொட்டா அதே மாதிரித்தான் இருக்கு. குறை சொல்லேலாது.”

அவ்வளவுதான் சொன்னார். நாளிதழை மடித்துக்கொண்டு எழுந்தார். விடுதிக்குத் திரும்பிப் படுத்த பிறகும் எனக்கு அந்தக் குளத்துப் புத்தகமே நினைவாக இருந்தது.

கட்டடத்துக்கு வரைபடம் இருந்தது, புகைப்படம் இருந்தது, பார்த்தவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். அதனால் அது திரும்பி வந்தது. திருக்குறள் எரிந்தாலும் திரும்பி வந்துவிடும். ஊருக்கு ஊர், வீட்டுக்கு வீடு இருக்கிறது. திரும்பி வராதவை ஒற்றைப் பிரதிகள். யாரோ ஓர் ஊர்க்காரர் கைக்காசில் நூறு பிரதி அச்சடித்தது. கையால் எழுதிய நோட்டுப் புத்தகம். அதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. இழந்ததற்குப் பெயரே தெரியாமல் போவது. பெயர் தெரிந்தால் தேடலாம்; சுவடி கிடைக்கலாம், லண்டனிலோ சென்னையிலோ ஒரு பிரதி தூங்கிக்கொண்டிருக்கலாம். பெயர் தெரியாத புத்தகத்தை எந்த நூலகரிடம் கேட்பது?

ஈழத்துத் தமிழர்கள் இந்தப் பாடத்தை நெருப்பில் படித்தார்கள். அதனால்தான் 2005இல் ‘நூலகம்’ என்ற பெயரிலேயே ஒரு மின்னூலகத்தைத் தொடங்கினார்கள். புத்தகம் மட்டும் என்று நினைக்காதீர்கள். பத்திரிகை, சிற்றிதழ், கோயில் மலர், பள்ளி ஆண்டு மலர், நினைவு மலர், துண்டறிக்கை எல்லாவற்றையும் பக்கம் பக்கமாகப் படமெடுத்து இணையத்தில் வைக்கிறார்கள். கோலா தெர்லாவில் கைப்பேசி அலைவரிசை கிடைக்கும் மேட்டில் உட்கார்ந்துகொண்டு யாழ்ப்பாணத்துப் பள்ளி மலர் ஒன்றை என்னால் புரட்ட முடிகிறது. அதற்குக் கவிகை மாடமும் இல்லை, சரஸ்வதி சிலையும் இல்லை. ஆனால் பெயர் இருக்கிறது, பட்டியல் இருக்கிறது. தேடினால் கிடைக்கிறது.

நம் கதைக்கு வருவோம். நம்மிடம் யாரும் தீ வைக்க வரவில்லை. கேமரன் மலையில் தீ வைத்தாலும் பிடிக்காது. மழைக்காலத்தில் உதறிக் காயப்போட்ட துணியே மூன்று நாளாகியும் காய்வதில்லை. ஆனால் நெருப்பு செய்யும் வேலையை ஈரம் மெதுவாகச் செய்துவிடுகிறது. அலமாரியில் அடுக்கிய காகிதத்தில் பூஞ்சை பூக்கும். கீழே இறங்கி ரப்பர், செம்பனைத் தோட்டங்கள் பக்கம் போனால் கரையானும் ராமபாணப் பூச்சியும். இவற்றையெல்லாம்விடப் பெரிய எதிரி ஒன்று இருக்கிறது: வீடு மாறுவது. தோட்டம் துண்டாடப்பட்டு, லயத்தைக் காலி செய்து, பட்டணத்து அடுக்குமாடி வீட்டுக்கு ஏறும் குடும்பம் எதை எடுத்துக்கொண்டு போகும்? குளிர்பதனப் பெட்டியை எடுத்துப்போகும். சாமி படத்தை எடுத்துப்போகும். தாத்தாவின் தகரப் பெட்டியைப் பழைய காகிதக்காரரிடம் போட்டுவிடும்.

அந்தத் தகரப் பெட்டிக்குள் என்ன இருக்கும்? பெரட்டுக்குப் பெயர் எழுதிய கங்காணியின் நோட்டுப் புத்தகம். தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழா வரவு செலவு. தோட்டத் தமிழ்ப்பள்ளியின் முதல் ஆண்டு மலர். ஊரிலிருந்து வந்த கடிதங்கள், கப்பல் பயணச்சீட்டு. 1924இல் தொடங்கி 2019இல் நின்றுபோன ‘தமிழ் நேசன்’ நாளிதழிலிருந்து வெட்டி ஒட்டிய, யாருடையதோ ஒரு சிறுகதை. இவை ஒவ்வொன்றும் ஒற்றைப் பிரதி. ஆங்கிலேயக் கம்பெனியின் கணக்கு இங்கிலாந்தில் எங்காவது பத்திரமாக இருக்கும். அதில் நம் தாத்தா ஓர் எண். அவருக்கு ஒரு பெயரும், ஒரு கையெழுத்தும், அம்மனுக்கு எழுதிக் கொடுத்த இரண்டு ரிங்கிட்டும் இருந்ததைச் சொல்லப் போவது இந்தத் தகரப் பெட்டி மட்டும்தான்.

நாட்டில் சட்டம் இல்லாமல் இல்லை. 1986ஆம் ஆண்டுச் சட்டப்படி இங்கே வெளியாகும் புத்தகங்களை வெளியிடுகிறவர் தேசிய நூலகத்துக்குக் கொடுக்க வேண்டும். தெங்கோலோக் கூரைக்குக் கீழே தமிழுக்கும் இடம் உண்டு. ஆனால் கங்காணியின் நோட்டு ‘வெளியீடு’ இல்லை. அதை யாரும் கேட்டு வாங்க வரமாட்டார்கள். நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பெரிய காரியம் எதுவும் சொல்லவில்லை. சங்கம் வேண்டாம், நிதி திரட்ட வேண்டாம், கட்டடம் கட்ட வேண்டாம். முதலில் ஒரு பட்டியல் போடுங்கள். வீட்டில், கோயில் அலமாரியில், பள்ளி ஸ்டோர் அறையில் இருக்கும் பழைய காகிதங்களுக்கு ஒரு நோட்டுப் புத்தகத்தில் நான்கு பத்தி. என்ன அது? யார் எழுதியது? எந்த ஆண்டு? யாரிடம் இருக்கிறது? ஆண்டு தெரியவில்லையென்றால் அந்தக் கட்டத்தை விட்டுவிடுங்கள். வீட்டுப் பெரியவரிடம் கேட்டால் ‘உன் அப்பா பொறக்கறதுக்கு முன்னாடி’ என்பார். அதையே எழுதுங்கள். அதுவும் ஒரு தேதிதான்.

அடுத்தது படம். எல்லோர் கையிலும் கைப்பேசி இருக்கிறதே. சன்னலோரப் பகல் வெளிச்சத்தில், பிளாஷ் இல்லாமல், ஒரு படத்துக்கு ஒரு பக்கம். அட்டையை மறக்காதீர்கள், பெயர் அங்கேதான் இருக்கும். எடுத்த படங்களை இரண்டு இடத்தில் வையுங்கள். ஒன்று உங்களிடம், மற்றொன்று வேறு வீட்டில் இருக்கும் அண்ணனிடமோ அத்தை மகளிடமோ. இரண்டு வீடு ஒரே நாளில் காலியாவதில்லை. மூலத்தைக் காய்ந்த இடத்தில், தரையிலிருந்து உயர்த்தி வையுங்கள். காகிதம் ஒட்டிக்கொண்டிருந்தால் பிய்க்காதீர்கள். தெரிந்தவர் கைக்குப் போகும்வரை அப்படியே இருக்கட்டும்.

என் தொழிலில் இருப்பவர்களுக்கும் இது பொருந்தும். வானொலிக் குரல் காற்றோடு போவது. பதிவு செய்த நாடா இருந்தால்தான் திரும்பி வரும். நாடா இருந்தும் மேலே என்ன என்று எழுதாமல் விட்டால் அதுவும் பெயர் தெரியாத புத்தகம்தான். உங்கள் வீட்டில் பழைய கேசட் இருந்தால், கல்யாண வாழ்த்தோ பாட்டியின் ஒப்பாரியோ, முதலில் மேலே ஒரு சீட்டு ஒட்டுங்கள். பாட வைத்துப் பார்ப்பது அப்புறம்.

யாழ்ப்பாணம் போனால் அந்த வெள்ளைக் கட்டடத்தைக் கட்டாயம் பாருங்கள். பத்து நிமிடம் வாசலில் நின்று ரசியுங்கள்; ஓர் ஊர் இரண்டு தடவை கட்டிய கட்டடம் அது. ஆனால் அதற்கு முன்னால், வரும் ஞாயிற்றுக்கிழமை, கட்டிலுக்கு அடியில் கிடக்கும் அந்தத் தகரப் பெட்டியை வெளியே இழுங்கள். கூடவே ஒரு நோட்டும் பேனாவும். பெட்டியில் பெயர் தெரியாதது எதுவாவது இருந்தால், பெயர் சொல்லக்கூடியவர் அநேகமாக இப்போது உங்கள் வீட்டு வாசலில்தான் தேநீர் குடித்துக்கொண்டிருப்பார். இன்றைக்கே கேட்டுவிடுங்கள்.